ஏழு பாட்டில் தண்ணீர்

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. இப்போது பொறுப்பான ஒரு வேலையில் இருக்கிறாள். இதை எங்காவது படித்துவிட்டு, என்னைக் கேட்காமல் எப்படி எழுதினீர்கள் என்று ஒரு கார்டு போட்டாலும் போடுவாள். போடமாட்டாள் என்றும் தோன்றுகிறது. எதற்கும் பெயர் வேண்டாம்.

பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் என்று ஓர் எம்.எஸ்ஸி. புதிதாகத் தொடங்கிய வருடம் அது. அந்தப் படிப்புக்கென்று தனி ஆசிரியர் கிடையாது. வேதியியல், தாவரவியல், நிலவியல், பொருளாதாரம் என்று நாலு துறைகளிலிருந்து ஆளுக்கு ஒரு சார் வந்து பாடம் நடத்திவிட்டுத் தன் துறைக்குத் திரும்பிப் போய்விடுவார். படிக்க வந்த எட்டுப் பேரும் அப்படித்தான், ஆளுக்கு ஒரு பாடத்தில் பட்டம் வாங்கியவர்கள். நான் வேதியியல். ஒரு வயது மகளைத் திருநகர் வீட்டில் மாமனாரிடம் விட்டுவிட்டு, அவள் அழுதாளா சாப்பிட்டாளா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே இரண்டு பஸ் மாறி வருபவள். பெயர் வேண்டாம் என்றேனே, அவள் பி.ஏ. பொருளாதாரம். விடுதியில் தங்கியிருந்தாள். திருமங்கலத்துக்கும் தெற்கே ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், அதனால் எனக்கு 'நீ', அவளுக்கு நான் 'அக்கா'.

எட்டுப் பேரில் பி.ஏ. படித்தது அவள் ஒருத்திதான். முதல் நாளே வேதியியல் சார் அதை எல்லார் முன்னாலும் சொன்னார். அவர்தான் அந்தப் படிப்புக்குப் பொறுப்பு. இந்த வருடம் ஒரு சோதனையாகத்தான் பி.ஏ. ஒருவரைச் சேர்த்திருக்கிறோம், இவர் நன்றாகத் தேறினால் அதன்பிறகு வருடா வருடம் கலைப் பட்டதாரிகளைச் சேர்ப்போம், இல்லையென்றால் இனி பி.எஸ்ஸி. மட்டும்தான் என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனாலும் அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இரண்டு வருடமும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அவள் அன்றைக்கே திறந்தாள்.

முதல் பாடம், தண்ணீரில் கலந்திருக்கும் ஆக்சிஜன். சார் கரும்பலகை நிறைய எழுதினார். பி.ஓ.டி. என்பதற்கு விளக்கம் சொல்லிவிட்டு, புரிந்ததா என்று கேட்டார். ஏழு தலைகள் ஆடின. என் தலை மற்றவர்களுக்கு முன்னாலேயே ஆடிவிட்டது. முதல் பெஞ்சின் ஓரத்தில் ஒரு கை பேனாவோடு எழுந்தது.

"எனக்குப் புரியல சார்."

சார் மறுபடி சொன்னார். அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு அதே குரலில், இன்னும் புரியவில்லை என்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். கோபப்படப் போகிறார் என்று நான் என் நோட்டைப் பார்த்துக்கொண்டேன். அவர் மேஜை விளிம்பில் உட்கார்ந்து, அதுவரை பேசாத தமிழில் பேசினார். ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பாடு கூடுதலாக இருந்தால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் உள்ளே காற்று போதாது, மூச்சு முட்டும். தண்ணீரில் அழுக்குதான் சாப்பாடு, கிருமிகள்தான் கூட்டம், மூச்சு முட்டுவது மீனுக்கு. எவ்வளவு காற்றை அந்தக் கூட்டம் தின்னும் என்று அளப்பதுதான் இது.

"ஆங், இப்பச் சரி சார்" என்று சொல்லிவிட்டு அவள் அப்போதுதான் எழுதத் தொடங்கினாள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று வருடம் வேதியியல் படித்துப் பரீட்சையில் பி.ஓ.டி. பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அது என்னவென்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

அவளுடைய நோட்டு மெலிதாக இருக்கும். புரியாத எதையும் அவள் எழுதிக்கொள்வதில்லை. என் நோட்டு தலையணை மாதிரி இருக்கும்.

ஆண்கள் அவளுக்கு 'மிஸ் புரியல' என்று பெயர் வைத்தார்கள். ஒருநாள் கேன்டீனில் ஒருவன், உனக்கு என்னதான் புரியும் என்று கேட்டான். "புரிஞ்சது புரியும்ணே" என்றாள், வடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கண்மாய்களில் காடாக வளர்ந்து கிடக்கும் சீமைக்கருவேல மரத்தைப் பற்றி ஒரு வாரம் பாடம் நடந்தது. செவ்வாய்க்கிழமை தாவரவியல் சார், அது நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சுகிறது, வேரோடு பிடுங்க வேண்டும் என்றார். புதன்கிழமை பொருளாதார சார், வேலையில்லாத மாதங்களில் அந்த விறகும் கரியும்தான் எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு, வெட்டி அழித்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்றார். இரண்டையும் நான் இரண்டு வெவ்வேறு நோட்டில் அழகாக எழுதி வைத்துக்கொண்டேன். இரண்டும் ஒரே மரம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அவள் புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் பொருளாதார சாரை விடவில்லை. பேசிக்கொண்டே நடந்து, அவரைத் தாவரவியல் துறை வராந்தா வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே தாவரவியல் சார் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் வருடக்கணக்காக வேலை பார்ப்பவர்கள், தலையசைப்பதோடு சரி.

"ஒரே மரத்துக்கு ரெண்டு பேரும் ரெண்டு வெதமாச் சொல்றீக சார். எனக்குப் புரியல. எங்க ஊரு கம்மாயில அது நிக்கவா, வேணாமா?"

அந்த வராந்தாவில் ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. நல்ல சண்டை. வழியில் போன நிலவியல் சாரும் நின்று, மரத்தை விடுங்கள், கண்மாயில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்று யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார். நாங்கள் எட்டுப் பேரும் சுவரோரம் நின்று கேட்டோம். அடுத்த வாரத்திலிருந்து புதன்கிழமை கடைசி இரண்டு மணி நேரத்துக்கு எல்லா சாரும் சேர்ந்து வருவதென்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். பல துறைகள் சேர்ந்த படிப்பு என்று விண்ணப்பத்தில் அச்சடித்திருந்தது எங்கள் வகுப்பில் நிஜமானது அப்படித்தான்.

எல்லா நேரமும் அவளை எனக்குப் பிடித்தது என்று சொன்னால் பொய். ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு எத்தனை மணிக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று ஒரு புத்தகத்தைப் பார்த்து நான் எழுதிய அட்டவணை சுவரில் ஒட்டியிருந்தது. நான் இல்லாதபோது மாமனார் அதில் பென்சிலால் டிக் போடுவார். அவள் அதை முழுக்கப் படித்துவிட்டு, பிள்ளை பசித்தால் கொடுக்காமல் எதற்குக் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கிறீர்கள், புரியவில்லையே என்றாள். மாமனார் பேப்பருக்குப் பின்னால் சிரித்தது தெரிந்தது. அன்று இரவு வெகுநேரம் அவள் மேல் எரிச்சலாக இருந்தது. அட்டவணையைக் கிழித்தேனா என்றால் இல்லை. அதன்பிறகு அதைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இரண்டாம் வருடம் ஆய்வேடு. வெவ்வேறு பாடம் படித்த இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து செய்ய வேண்டும். யாரும் பி.ஏ.வோடு சேர முன்வரவில்லை. சார் என்னைப் பார்த்தார், நான் சரி என்றேன். யார் என்ன சொன்னாலும் சரி என்பது என் பழக்கம். நல்ல மனசால் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

விஷயத்தை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். அவள் ஊருக்குப் பக்கத்து ஊரில் ஒரு காலனி. ஏழு கிணறு இருக்கிறது. ஆனாலும் பெண்கள் தினமும் குடத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று மைல் போய்வருகிறார்கள், யாரோ ஒருவருடைய வயலில் பம்புசெட் ஓடும்போது தண்ணீர் பிடிக்க. ஏன்? தண்ணீரைப் பரிசோதிப்பது என் வேலை. அந்த நடைக்குப் பெண்களின் எத்தனை மணி நேரம், எத்தனை நாள் கூலி போகிறது என்று விசாரிப்பது அவள் வேலை.

பாட்டில் வாங்கச் சிம்மக்கல்லுக்குப் போனோம். கடைக்காரர் பழைய கண்ணாடிப் பாட்டில்களைக் கழுவி அடுக்கியிருந்தார். நான் எண்ணி எடுக்கத் தொடங்கிவிட்டேன். அவள், இதில் முன்னாடி என்ன இருந்தது அண்ணே என்று கேட்டாள். கழுவியாச்சும்மா என்றார். என்னத்தைக் கழுவினீர்கள் என்றாள். அவர் ஒரு பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு, பினாயில் என்றார். நாங்கள் வேறு கடைக்குப் போனோம்.

காலனிக்குப் போன முதல் நாள் அவள் நேராக வயலுக்குப் போய்விட்டாள், களை எடுக்கும் பெண்களோடு பேச. நான் பாட்டில்களோடு வீடுகளுக்குப் போனேன். ஒவ்வொன்றாகக் கிணற்றில் இறைத்து எடுக்க நேரம் ஆகும். மகளுக்கு அன்று சளி, மூன்று மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறு மணிக்கு. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒன்று முதல் ஏழு வரை எண் ஒட்டிய பாட்டில்களை, ஒவ்வொரு கிணற்றுக்கும் பக்கத்து வீட்டில் கொடுத்து, உங்கள் கிணற்றுத் தண்ணீரை இதில் நிரப்பி வையுங்கள், நாளைக் காலை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று தெளிவாகச் சொன்னேன். எல்லாரும் சரி என்றார்கள்.

மறுநாள் ஏழும் தயாராக இருந்தன. பளபளவென்று துடைத்து, வாயில் வெள்ளைத்துணி கட்டி வைத்திருந்தார்கள். எனக்கு மனசு நெகிழ்ந்தது.

ஆய்வகத்தில் உப்பின் அளவைப் பார்த்தேன். ஏழும் நல்ல தண்ணீர். ஏழும் ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டு தடவை செய்தேன், அதேதான். வேதியியல் சார் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "கை சுத்தம்மா உனக்கு" என்றார். அன்று பஸ்ஸில் நான் மகளைக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் முடிவுரையை எழுதினேன். கிணறுகளின் நீர் குடிப்பதற்கு ஏற்றது, பெண்கள் தொலைவுக்கு நடப்பது பழக்கத்தினாலும் அறியாமையினாலும்தான். அப்படித்தான் எழுதினேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

ஒப்படைக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. அவள் அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தாள்.

"எனக்குப் புரியலக்கா."

எது புரியவில்லை என்றேன். ஒரு கிணறு பாறையோரம், ஒன்று கண்மாய்க் கரை, ஒன்று களிமண்ணில். ஏழு இடத்து மண்ணும் ஏழு விதம் என்று நிலவியல் சார் சொல்லியிருக்கிறார். அப்புறம் எப்படி ஏழிலும் ஒரே உப்பு? பக்கத்துப் பக்கத்து வீட்டு ரசம்கூட ஒன்றுபோல இருக்காதே என்றாள்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. என் கை சுத்தம் என்று சார் சொல்லியிருக்கிறார். பரிசோதனையைப் பற்றி பி.ஏ. படித்த உனக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். அதுவரை யாரிடமும் அப்படிப் பேசியதில்லை.

அவளுக்குக் கோபமில்லை. "தெரியாதுக்கா. அதான் கேக்கேன்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் காலனிக்குப் போனோம். மூன்றாம் எண் பாட்டில் கொடுத்த வீட்டில், நாலு பிள்ளைகளின் தாய் ஒருத்தி அடுப்பு வேலையாக இருந்தாள். இவள் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அன்றைக்குப் பாட்டிலில் எந்தத் தண்ணீரை ஊற்றினீர்கள் மதினி என்று கேட்டாள். அந்தப் பெண் என்னை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தாள்.

"கெணத்துத் தண்ணின்னுதான் சொன்னாக. காதுல விழுந்துச்சு. ஆனா டவுன்ல இருந்து வந்து, வீடு தேடிக் கேட்டவுக பாட்டில்ல அந்த உப்புத் தண்ணிய எப்பிடி ஊத்த? மனசு வரல. பம்புசெட்டுத் தண்ணி ஒரு கொடம் இருந்துச்சு. அதுலயே ஏழு வீட்டுக்கும் ஊத்திக்கிட்டோம்."

ஒரே குடம். நான் இரண்டு நாள் பாடுபட்டு அளந்தது அந்த ஒரே குடத்தைத்தான். விருந்தாளிக்கு நல்ல தண்ணீர் கொடுப்பார்கள் என்பது எந்தச் சிறுபிள்ளைக்கும் தெரியும். என் வீட்டிலும் அப்படித்தான். வெள்ளைக் கோட்டு போட்டதும் மறந்துவிட்டேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கம்மாவாக இருந்தாலும் இதைத்தான் செய்திருக்கும், முதல் நாளே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும் என்றாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். கடைசியில் எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையோடு சேர்த்து.

அன்று ஏழு கிணற்றிலும் நாங்களே கயிறு போட்டு இறைத்தோம். உள்ளங்கை தோல் உரிந்தது. ஆறு மணி பஸ்ஸில்தான் திரும்பினேன். மாமனார் மகளைத் தூங்கவைத்துவிட்டு, ஏன் தாமதம் என்றுகூடக் கேட்கவில்லை.

இந்தத் தடவை பாதியைத் தானே செய்கிறேன் என்றாள் அவள். எனக்குப் பயம். ஆனாலும் மருந்தை அளந்து விடும் கண்ணாடிக் குழாயை, ப்யூரெட்டை, அவள் கையில் கொடுத்தேன். சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போனாள். உப்பு முழுக்கக் கணக்கில் வந்ததும் தண்ணீரின் மஞ்சள் நிறம் செங்கல் நிறமாக மாற வேண்டும். மாறவே இல்லை. ப்யூரெட் காலியாகி, மறுபடி நிரப்பி, அதற்குப் பிறகுதான் நிறம் மாறியது. பாறையோரக் கிணற்றில் அவ்வளவு உப்பு. ஏழும் ஏழு விதமாக இருந்தன. ஒன்றுகூடக் குடிக்கத் தக்கதில்லை.

பழைய எண்களை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஏழு பாட்டில் கதையையும் எழுத வேண்டும் என்றாள். எந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று நாம் அளப்பதற்கு முன்னாலேயே அந்தப் பெண்களுக்குத் தெரியும், அதற்கு அதைவிடச் சாட்சி வேறு என்ன வேண்டும் என்றாள். தப்பை நாமே அச்சடித்துக் கொடுத்தால் தேர்வாளர் சும்மா விடுவாரா, உனக்குத்தானே ஆபத்து, உன்னை வைத்துத்தானே அடுத்த வருடத்துப் பி.ஏ.க்களுக்கு இடம் உண்டா இல்லையா என்று முடிவு செய்யப் போகிறார்கள் என்று நான் மன்றாடினேன்.

"மறைச்சுத் தேறுனா, அடுத்து வாரவுகளுக்கும் சேத்து மறைச்ச மாதிரி ஆயிரும்க்கா."

அந்த அத்தியாயத்தை அவள் எழுதினாள். முடிவுரையில் என் வரியை நானே அடித்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்தவர் வேதியியல் பேராசிரியர். கண்டிப்பானவர் என்று பேச்சு. எங்கள் நாலு சார்களும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஆய்வேட்டைப் புரட்டி, நேராக அந்த அத்தியாயத்தில் நிறுத்தினார். பிறகு அவளைப் பார்த்து ஆங்கிலத்தில் நீளமாக ஒரு கேள்வி கேட்டார். எனக்கே பாதிதான் பிடிபட்டது.

"எனக்குப் புரியல சார். இன்னொரு தடவ கேளுங்க."

வேதியியல் சார் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். வந்தவர் கேள்வியை மறுபடி சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றினார். தமிழில் கேட்டார். முதலில் வந்த அந்த ஏழு முடிவுகளில், உங்கள் பரிசோதனை தப்பா?

"இல்ல சார். அக்கா செஞ்ச டைட்ரேஷன் சரி. அது அந்தக் கொடத்துத் தண்ணிக்குச் சரியான அளவு. நாங்க எடுத்த வெதந்தான் தப்பு. கெணத்துக்குப் போகாம வீட்டு வாசல்ல கேட்டுட்டோம். கெணத்துல என்ன இருக்குன்னு வேதியியல் சொல்லும் சார். பாட்டில்ல ஏன் அது வரலன்னு அந்த வீட்டு ஆளுகளத் தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும்."

சரியான முடிவுகளில் ஒரு கிணற்றை எடுத்து, அதற்குக் கணக்கிட்ட விதத்தைச் சொல்லச் சொன்னார். அவள் எழுந்துபோய்க் கரும்பலகையில் போட்டாள். ஒரு படிகூட விடவில்லை. புரியாமல் எதையும் எழுதிக்கொள்ளாதவள், எழுதியதை மறக்கவும் மாட்டாள். வந்தவர் சுவரோரம் திரும்பி, இவர் இளங்கலையில் எந்தக் கல்லூரியில் வேதியியல் படித்தார் என்று கேட்டார்.

வேதியியல் சார் எழுந்தார். "பி.ஏ. பொருளாதாரம் சார்" என்றார். தன் சொந்த மகளைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது அந்தக் குரல்.

தேர்வு முடிவு வந்தபோது எட்டுப் பேரில் அவள் முதல். நான் மூன்றாவது. எனக்கு அது போதும், போதுமா என்று அன்றைக்கு யோசிக்கக்கூட இல்லை.

ஆனால் அவள் காத்திருந்தது அதற்கல்ல. ஜூலையில் சான்றிதழ் வாங்கப் போனோம். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். துறை வாசலில் புதிதாகச் சேர்ந்தவர்களின் பட்டியலை ஒட்டியிருந்தார்கள், பெயரும் பக்கத்தில் பட்டமும். அவள் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். பி.எஸ்ஸி., பி.எஸ்ஸி., பி.ஏ. வரலாறு, பி.எஸ்ஸி., பி.ஏ. பொருளாதாரம். கடைசிவரை போய்விட்டு மறுபடி மேலிருந்து வந்தாள். பிறகு கையை நீட்டி என்னிடமிருந்து மகளை வாங்கி, அந்தக் காகிதத்தின் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.

"பாரு தாயி, பி.ஏ. நாலு பேரு" என்றாள்.